மூன்று மில்லிமீட்டர்

அச்சகத்தில் அவருக்குக் கட்டிங்காரர் என்று பெயர். அச்சாகி வரும் தாள்களைத் தட்டி அடுக்கி, மெஷினில் வைத்து, நான்கு ஓரமும் மூன்று மில்லிமீட்டர் வெட்டுவது வேலை. பள்ளி நோட்டானாலும் மருந்துச் சீட்டானாலும் ஓரம் போயாக வேண்டும். இருபத்திரண்டு வருடப் பழக்கம். வீட்டில் செய்தித்தாளை விரித்தாலும் கை ஓரத்தைத்தான் தடவும். "அதையும் நறுக்கிடாதீங்க, நான் இன்னும் படிக்கல" என்பாள் மனைவி.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு நாற்பத்தைந்து வயதில் ஒரு பித்துப் பிடித்தது. 'சாம்பல் சிறகு' என்று ஒரு படக்கதை. அதன் நாயகி பகலில் தபால் பிரிப்பாள், வேலை முடிந்ததும் சிறகை மாட்டிக்கொண்டு ஊரைக் காப்பாற்றக் கிளம்பிவிடுவாள். அவள் கோபுரத்திலிருந்து விழுந்துகொண்டிருக்கும் இடத்தில் பதிப்பாளர் கதையை நிறுத்திவிட்டார். அவளை அந்தரத்தில் விட மனசு வராத அறுபது பேர் இணையத்தில் குழு சேர்ந்து, கதையைத் தாங்களே தொடர்ந்தார்கள். கட்டிங்காரரும் அதில் போய் ஒட்டிக்கொண்டார்.

ஒருவர் எழுதுவார், ஒருவர் கோட்டால் வரைவார், ஒருவர் வண்ணம் போடுவார். எழுதியவர் பெயர் தலைப்பில் வரும். வரைந்தவரும் வண்ணக்காரரும் கீழ் மூலையில் ஆளுக்கொரு பொடிக் குறி போட்டுக்கொள்வார்கள். கூலி என்று பார்த்தால் அந்தக் குறிதான். வண்ணக்காரர் கடைசிக் கை என்பதால், முடிந்த பக்கத்தைக் குழுவில் ஏற்றுவதும் அவரே. நம்மவர் வண்ணக்காரர். மகள் ஓரங்கட்டிய டேப்லெட்டில், மதியச் சாப்பாட்டு இடைவேளையில், காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து தீட்டுவார். வரைய வராது. அவர் பூனை வரைந்தால் அது எந்தப் பிராணி என்று வீட்டில் பந்தயமே நடக்கும்.

அவருக்குக் கோடு போட்டுத் தருபவள் 'பூனைவால்' என்ற புனைபெயரில் இருந்த பெண். பல் மருத்துவமனையில் வரவேற்பில் வேலை. முகம் பார்த்ததில்லை. ஆனால் ஒன்றரை வருடமாக, முப்பது பக்கங்களாக, ஜோடி பிரிந்ததில்லை. வேறு இரண்டு வண்ணக்காரர்கள் கேட்டும் அவள் போகவில்லை. "அண்ணா கைக்குத்தான் என் கோடு பழகியிருக்கு" என்று குழுவிலேயே எழுதியிருந்தாள். அதைப் படித்த அன்று அவர் இரண்டு டீ குடித்தார்.

அந்த மாதம் அவள் அனுப்பிய பக்கத்தில், விழுந்து பிழைத்த நாயகி மொட்டைமாடியில் உட்கார்ந்து, கிழிந்த சிறகைத் தானே ஊசி நூலால் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடிக்கும் அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. கட்டிங்காரர் ஒரு வாரம் உயிரைக் கொடுத்து வண்ணம் போட்டார். முடித்ததும் ஓரம் பிசிறாகத் தெரிந்தது. கை சும்மா இருக்குமா? நான்கு பக்கமும் ஒரு இழை வெட்டிச் சரிசெய்தார். பிறகு மூலையில் தன் குறியைப் போட்டார், ஏற்றினார். பூனைவாலின் குறி அந்த வெட்டில் போயிருந்தது.

அரை மணி நேரத்தில் குழு பாராட்டில் அமளிதுமளிப்பட்டது. "அண்ணே, இது நீங்க வரைஞ்சதா? சொல்லவே இல்லையே?" என்று ஒருவர் கேட்டார். அப்போதுதான் கட்டிங்காரர் மூலையைப் பார்த்தார். 'வரைந்தது பூனைவால்' என்று இரண்டு வார்த்தை அடித்திருந்தால் கதை முடிந்திருக்கும். அவர் அடிக்கவில்லை. கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டார். அது ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அந்தக் கள்ளத்தனம் தெரிந்துதான் அதைத் தேர்ந்தெடுத்தார்.

மூலையில் அவர் குறி மட்டும் இருப்பதைப் பார்த்த மனைவி, அந்தப் படத்தை அலுவலகத்தில் எல்லோரிடமும் காட்டிவிட்டு வந்தாள். "எங்க வீட்டுக்காரர் வரைஞ்சதுன்னு சொன்னேன். நம்பவே மாட்டேங்கறாங்க." அவர் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார். இப்படி மூன்று நாள். பூனைவால் ஒரு வார்த்தை எழுதவில்லை.

நான்காம் நாள் தாங்க முடியாமல் குழுவில் எழுதினார்: "இதை வரைந்தது பூனைவால். நான் வண்ணம் மட்டும். ஓரம் வெட்டியதில் அவர் குறி போய்விட்டது." வந்தது வினை. "பாராட்டைத் தூக்கிக் குடுக்க எவ்வளவு பெரிய மனசு வேணும் அண்ணே" என்று ஆளாளுக்கு அவரைத் தலையில் வைத்து ஆடினார்கள். படத்தைவிட அந்தப் பதிவுக்குக் கூட்டம். பூனைவாலிடமிருந்து தனியாக ஒரே வரி வந்தது: "பெரிய மனசுதான் அண்ணா."

செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி உறைத்திருக்காது. மனைவியைக் கூப்பிட்டு முதலில் அவளிடம் உண்மையைச் சொன்னார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள் அவள். "நான் வேற ஊர் பூரா காட்டிட்டேன்."

"ஆசையா இருந்துச்சு" என்றார்.

மறுபடி குழுவில் எழுதினார்: "குறி போனது கைத்தவறு. ஆனால் முதல் நாளே பார்த்துவிட்டேன். பாராட்டு இனித்தது. அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இது பெரிய மனசு இல்லை." குழுத் தலைவர் மட்டும் "சரி, நாளைக்குப் பேசுவோம்" என்றார்.

மறுநாள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது பூனைவாலின் செய்தி வந்தது. "இத சொல்லுவீங்கன்னு எதிர்பாக்கல அண்ணா. எனக்கு இப்ப கோவம் இல்ல. ஆனா அடுத்த பக்கத்த வேறொருத்தர்கிட்ட குடுத்துட்டேன். உங்களுக்கு அனுப்பினா, நீங்க ஏத்துற வரைக்கும் எனக்குப் பதறும். வரையறதே பதட்டம் போறதுக்குத்தான்."

மெஷினை நிறுத்திவிட்டு அதை இரண்டு முறை படித்தார். "சரிம்மா" என்று மட்டும் அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு?"

"கோவம் இல்லையாம்."

"அப்ப நல்லதுதானே?"

"கோவமா இருந்திருந்தா ஒரு நாள் ஆறியிருக்கும்" என்றார் அவர். துண்டை எடுத்துக்கொண்டு முகம் கழுவப் போனார்.