மைத்துனன் கொண்டுவந்த பதிவுப்பெட்டி

2011 ஒக்டோபர் 13, வியாழக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். கிணற்றில் இறைத்துத் தொட்டியை நிரப்பினேன். இடியப்பமும் சொதியும் சாப்பிட்டேன். எட்டு மணிக்குக் கருவாட்டுக் களஞ்சியத்தைத் திறந்து, தராசைத் துடைத்து, வந்த சாக்குகளை எடை பார்த்தேன். கற்பிட்டிப் பக்கம் இரவு மழை பெய்திருந்ததால் கட்டாக் கருவாட்டில் ஈரம் இருந்தது. இரண்டு சாக்கைத் திருப்பி அனுப்பினேன். வழமையாக ஆறு மணிவரை இருப்பவன் அன்று நான்கு மணிக்கே முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தேன். அன்று மாதா எங்கள் வீட்டுக்கு வருகிற நாள்.

ஒக்டோபர் செபமாலை மாதம். எங்கள் வட்டாரத்தில் மாதாவின் சுரூபம் வீடு வீடாகப் போகும். மாலை ஏழு மணிக்கு வட்டாரம் முழுதும் அந்த வீட்டில் கூடிச் செபமாலை சொல்லும். சுரூபம் அங்கேயே ஓர் இரவும் ஒரு பகலும் தங்கி, மறுநாள் மாலை அடுத்த வீட்டுக்குப் போகும். செபத்தை வழிநடத்துகிறவள் என் மனைவி. அவளுக்கு நல்ல குரல். ஆகவே அந்த மாதம் முழுக்க அவள் ஏழு மணிக்கு வீட்டில் இருக்கமாட்டாள்.

ஏழு மணிக்குத்தான் தொலைக்காட்சியில் அவளுடைய தொடர்.

வீட்டுக்குக் கேபிள் வந்த ஆண்டிலிருந்து ஒக்டோபரில் அதைப் பார்த்துச் சொல்வது என் வேலை. களஞ்சியத்திலிருந்து வந்து, கருவாட்டு மணம் போகக் குளித்து, ஏழு மணிக்குக் கதிரையைப் போட்டு உட்காருவேன். அவள் எட்டு மணிக்கு வருவாள். முக்காட்டை எடுக்கும்போதே, "என்ன நடந்த?" என்பாள். சோறு போட்டுக்கொண்டு இருவரும் குசினியில் உட்காருவோம். நான் முதலிலிருந்து வரிசையாகச் சொல்வேன். யார் எந்தக் கதவால் வந்தார்கள், யார் அழுதார்கள், கடிதத்தை எந்த அலுமாரியில் ஒளித்தார்கள் என்று ஒன்றையும் விடமாட்டேன். அவள் இடையில், "சேலை என்ன நிறம்?" என்று கேட்பாள். அதையும் பார்த்து வைத்திருப்பேன். மாமியார் பேசுகிற மாதிரிப் பேசிக் காட்டினால் சோற்றை வாயில் வைத்தபடி சிரிப்பாள். மற்றப் பதினொரு மாதமும் நாங்கள் அவ்வளவு நேரம் கதைப்பதில்லை. மீன் விலை, மழை, மகளின் விடுதிச் செலவு, அவ்வளவுதான். ஒக்டோபர் எப்போது வரும் என்று நான் பார்த்திருந்ததை அவளிடம் சொன்னதில்லை.

அந்த ஆண்டு ஒக்டோபரில் அவளுடைய தம்பி இத்தாலியிலிருந்து லீவில் வந்தான். எங்கள் வீட்டில்தான் தங்கினான். பெட்டியைத் திறந்து அக்காவுக்கு வாசனைத் திரவியம், எனக்கு ஒரு பெல்ட், பிறகு கறுப்பு நிறத்தில் ஒரு தட்டையான கருவி என்று எடுத்து வைத்தான்.

"இனி நீங்க கதை கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்ல அக்கா. இது பதிஞ்சு வைக்கும். வந்து ஆறுதலாப் பாக்கலாம். நிப்பாட்டி, திருப்பியும் பாக்கலாம்."

"கடவுளே, அப்பிடியும் இருக்கா!" என்று என் மனைவி அந்தப் பெட்டியைத் தடவினாள். அவள் அப்படி ஒரு பொருளைத் தடவி நான் பார்த்ததில்லை.

அதைத் தொலைக்காட்சியோடு பூட்ட அவனுக்குத் தெரியவில்லை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களை அங்கும் இங்கும் குத்தினான். திரை கறுப்பாகவே இருந்தது. கேபிள் பெட்டியிலிருந்து வருகிற வயரைப் பதிவுப்பெட்டியில் படம் வெளியே போகிற துளையில் செருகியிருந்தான். கூட வந்த புத்தகம் இத்தாலி மொழியில் இருந்தது. ஆனால் அதில் படம் இருந்தது. நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டு உட்கார்ந்து, கேபிள் பெட்டியிலிருந்து பதிவுப்பெட்டிக்கு உள்ளே, பதிவுப்பெட்டியிலிருந்து தொலைக்காட்சிக்கு வெளியே என்று நிறம் பார்த்துச் செருகினேன். படம் வந்தது.

"பாத்தீங்களா அக்கா, சொன்னன்தானே!" என்றான் அவன்.

மறுநாள் செபத்துக்குப் போகிற வழியில், "தம்பிதான் பூட்டித் தந்தான்" என்று அவள் பக்கத்து வீட்டில் சொன்னது எனக்கும் கேட்டது.

ஒரு விசயத்தை நான் அவனுக்குத் தெளிவாகச் சொன்னேன். பதிவுப்பெட்டிக்குச் சொந்தக் கண் கிடையாது. கேபிள் பெட்டி எதைக் காட்டுகிறதோ அதைத்தான் அது பதியும். ஆகவே கேபிள் பெட்டி எரிந்துகொண்டு இருக்கவேண்டும், அந்தச் சனலிலேயே இருக்கவேண்டும். அவன் தலையை ஆட்டிவிட்டு அக்காவிடம் போய், "நேரம் வச்சிட்டன். இனி தானாப் பிடிக்கும், நீங்க ஒண்டும் செய்யத் தேவையில்ல" என்றான்.

முதல் பதிவு நாளில் நான் வழமைபோல ஏழு மணிக்குப் பார்த்தேன். எட்டு மணிக்கு அவள் வந்தாள். குசினிக்கு வரவில்லை. சோற்றுக் கோப்பையோடு தம்பிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் வாசலில் நின்று, "இண்டைக்கு அந்த மூத்தவன்..." என்று தொடங்கினேன்.

"ஐயோ அத்தான், சொல்லிப் போடாதீங்க!" என்றான் மைத்துனன்.

"உஷ்" என்றாள் அவளும், திரும்பிப் பார்க்காமலே.

நான் குசினியில் தனியாகச் சாப்பிட்டேன். உள்ளே அவர்கள் சிரிப்பது கேட்டது. நான் சொல்லும்போது அவள் சிரிக்கிற இடமே அல்ல அது. வேறெங்கோ சிரித்தாள். சேலையின் நிறத்தை இனி யாரும் கேட்கத் தேவையில்லை. சேலையே வந்து நிற்கிறது. எனக்கு அந்தக் கறுப்புப் பெட்டியின் மேலும், அதை வாங்கியவன் மேலும் எரிச்சல் வந்தது. ஒழுங்காகப் பூட்டிய என் கைமேலும் வந்தது. அடுத்த நாள் குளித்ததும் கதிரையைப் போட்டேன், பிறகு எடுத்து வைத்துவிட்டேன். பார்த்து யாருக்குச் சொல்ல?

வியாழக்கிழமை மாதா எங்கள் வீட்டுக்கு வந்த அன்று தொடரில் முக்கியமான நாள். செத்துப்போனதாக எல்லோரும் நினைத்த மூத்த மருமகள் புதன்கிழமை உயிரோடு வந்து வாசலில் நின்றாள். மாமியார் கதவைத் திறப்பாளா என்பதோடு புதன்கிழமைப் பகுதி முடிந்தது. என் மனைவி காலையிலிருந்து அதையே கதைத்துக்கொண்டு இருந்தாள். "செபம் முடிஞ்சு பாப்பம், தம்பி பதிஞ்சு வைப்பான்" என்றாள்.

வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பக்கத்திலேயே பீடம் வைத்தோம். அவள் வெள்ளைப் போர்வையால் தொலைக்காட்சியையும் கீழே இருந்த இரண்டு பெட்டிகளையும் மூடினாள். நான் கேற்றடியில் நீலமும் வெள்ளையுமாகக் கடதாசி கட்டிக்கொண்டிருந்தேன். மைத்துனன் சுரூபத்தைத் தூக்கிவரப் போயிருந்தான். ஏழு மணிக்கு மணி அடித்தது. மாதா வந்தார். பீடத்தைச் சுற்றிக் கலர் பல்ப்புகள் எரிந்தன. வட்டாரத்தில் ஒருவர்கூடக் குறையவில்லை. அவள் குரல் வழமையை விட உயர்ந்து கேட்டது. அவித்த கடலையும் பிளேன்ரீயும் கொடுத்தோம். கடைசி ஆள் போனபோது எட்டரை.

அவள் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். மைத்துனன் மெல்லப் போர்வையின் ஒரு நுனியைத் தூக்கினான். சத்தத்தைக் குறைத்து, அன்றைய பதிவைப் போட்டான். நீலத் திரை. முன்னால் ஓட்டினான். நீலம். இன்னும் ஓட்டினான். கடைசிவரை நீலம்.

"என்னடா செய்யிறாய்? மாதா நிக்கிறா, டீவி போடுறாய்!" என்று அவள் ஈரக் கையோடு வந்தாள்.

"அக்கா, ஒண்டுமே விழல்ல."

நான் குனிந்து பார்த்தேன். கேபிள் பெட்டியின் பிளக் தரையில் கிடந்தது. அது இருந்த இடத்தில் கலர் பல்ப்பின் பிளக் இருந்தது.

"அது நான்தான் கழட்டினன்" என்றாள். "மாதாவுக்குப் பக்கத்தில சிவப்பு லைட் எரிஞ்சுகொண்டு இருந்த. போர்வைக்குள்ளாலயும் தெரிஞ்ச. வடிவில்லத்தானே? பல்ப்புக்கும் இடம் வேணும். உன்ட பெட்டியை நான் தொடல்ல. அது தானாப் பிடிக்கும் எண்டு நீதானே சொன்னாய்!"

எனக்கு உள்ளம் குளிர்ந்தது. அதை முகத்தில் காட்டாமல் இருக்கத் தரையில் கிடந்த பிளக்கை எடுத்து வயரைச் சுற்றினேன்.

அவள் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். "கதவத் திறந்தாளா இல்லையா எண்டு தெரியாமப் போச்சே." பிறகு பழைய பழக்கத்தில் என்னைப் பார்த்தாள். "நீங்களும் பாக்கல்லியே." பெட்டி வந்த பிறகு அவள் என்னைத் திரும்பிப் பார்த்துத் தொடரைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்குத் திருப்பிப் போடுவாங்க. பதிஞ்சு தாறன்" என்றான் மைத்துனன்.

"மாதா போற வரைக்கும் போர்வை எடுக்கப்படாது. பிளக்கும் குத்தப்படாது. சொல்லிப்போட்டன்."

"அப்ப ஆரிட்டயாவது கேட்டுச் சொல்றன் அக்கா."

"ஆரிட்டக் கேப்பாய்? எல்லாரும் இஞ்சதானே முழங்காலில நிண்டாங்க."

அவன் யோசித்தான். "சிலாபத்தில என்ட கூட்டாளி இருக்கிறான். காலையில போன் எடுக்கிறன். அவன்ட மனிசி பாத்திருப்பா."

அது எனக்குச் சுருக்கென்றது. பெட்டி தோற்றாலும் இவன் விடமாட்டான். இனி வாயால் சொல்கிற வேலைக்கும் வந்துவிடுவான். ஆனால் ஒன்று: அவன் காலை ஒன்பது மணிக்கு முன் எழும்புகிறவன் அல்ல.

படுக்கையில் சாய்ந்து, தெருவில் யார் அன்று செபத்துக்கு வராதவர் என்று ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தேன். தெரு முடக்கில் இருக்கிற பாண் கடை நினைவுக்கு வந்தது. மன்னாரிலிருந்து தொண்ணூறில் இடம்பெயர்ந்து வந்த முஸ்லிம் குடும்பம், செபத்துக்கு வருகிறவர்கள் அல்ல. நாங்கள் எல்லோரும் ராத்தா என்று கூப்பிடுகிற கடைக்கார அம்மா, கல்லாவுக்குப் பின்னால் சின்னத் தொலைக்காட்சி வைத்திருக்கிறார். ஏழு மணிக்குச் சாமான் கேட்டுப் போனால் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் நிறுத்துக் கொடுப்பார்.

ஒக்டோபர் 14, வெள்ளிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். கிணற்றடிக்குப் போகவில்லை. முகமும் கழுவவில்லை. முதல் வேலையாகக் கடைக்குப் போனேன். ராத்தா அப்போதுதான் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன, இவ்வளவு வெள்ளென? பாண் இன்னும் வரல்லியே."

"பாண் பிறகு ராத்தா. ராத்திரி அந்த மாமி கதவத் திறந்தாவா?"

ராத்தா கையிலிருந்த பலகையைக் கீழே வைத்தார். "அல்லாஹ், அதை ஏன் கேக்குறீங்க..." என்று தொடங்கினார்.

"முதல்ல இருந்து சொல்லுங்க" என்றேன். "சேலை என்ன நிறம் எண்டும் சொல்லுங்க."