அடைக்கலமேரி கொடுத்த கை

அன்னவாசலில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகைதான் விக்ரமின் கம்பெனி. மொத்தமே மூன்று பேர். பக்கவாதம் வந்தவர்கள் ஆள் துணையில்லாமல் எழுந்திருப்பதற்கான நாற்காலி செய்கிறார்கள். விக்ரம் யோசிப்பான், அருள்தாஸ் வெல்டிங் வைப்பான், அடைக்கலமேரி மெத்தை தைப்பாள்.

திருச்சியில் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்த விக்ரம் புதுச் சட்டம் போட்டான். "செய்யிற நாமளே உபயோகிக்கிறவங்க வீட்டுக்குப் போய் உக்காந்து பாக்கணும்க்கா. எங்க தடுமாறுறாங்கன்னு சொல்லுங்க, மாத்துவோம். ஆனா தொடக் கூடாது, சொல்லிக் குடுக்கவும் கூடாது."

மேரியிடம் அதுவரை யாரும் யோசனை கேட்டதில்லை. தலைகால் புரியாத சந்தோஷத்தோடு மாதிரி நாற்காலியைத் தன் தெருவிலிருக்கும் குழந்தைசாமி வீட்டுக்கு எடுத்துப்போனாள். அவருக்கு இடது கையும் காலும் விழுந்துவிட்டன. மகள் பிளெஸ்ஸி நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு, அப்பாவைத் தூக்கிவிடுவதற்காகவே வீட்டில் கிடக்கிறாள். அவர் தானாக எழுந்துவிட்டால் புதுக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரி வேலை காத்திருக்கிறது.

பிளெஸ்ஸி கடைக்குப் போயிருந்த நேரம். குழந்தைசாமி பாதி எழுந்து தவித்தார். அண்ணன் முறை மனிதர் கண்ணெதிரே தவிக்க, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க எந்தப் பயிற்சியில்தான் சொல்லிக்கொடுக்கிறார்களோ. மேரியின் கை நீண்டுவிட்டது. லேசாகத்தான் பிடித்தாள். அடுத்தடுத்துப் போனபோதும் அப்படியே.

"நல்லா எந்திரிச்சிட்டாரு தம்பி" என்று விக்ரமிடம் சொன்னாள். அதில் பொய் இருப்பதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. கைப்பிடி உயரம் மாதிரியில் இருந்த அளவிலேயே முடிவாகி, குழந்தைசாமிக்குப் புது நாற்காலி தயாரானது. பிளெஸ்ஸியும் வேலைக்குச் சம்மதம் சொல்லிவிட்டாள்.

அவள் வேலைக்குச் சேரும் நாள் காலையில் விக்ரம் நாற்காலியைக் கொண்டுவந்து இறக்கி, வீடியோ எடுக்கத் தயாரானான். "அக்கா, நீங்க இங்கிட்டு வந்து நில்லுங்க."

குழந்தைசாமி ஊன்றினார். இடுப்பு கிளம்பி, தொப்பென்று விழுந்தது. மறுபடியும் அதேதான். பிறகு கைப்பிடியை விட்டுவிட்டு, நல்ல கையை மேரியை நோக்கி நீட்டினார்.

விக்ரம் போனை இறக்கினான். "கை குடுத்தீங்களாக்கா?"

"பாத்துக்கிட்டு எப்புடி தம்பி உக்காந்திருக்கிறது?" என்றாள் மேரி.

"கைப்பிடிய ஒசத்தணும். மாத்திச் செய்ய நாளாகும்."

"இன்னைக்கிச் சேரலன்னா வேற ஆளப் போட்டுருவாங்கண்ணே" என்ற பிளெஸ்ஸி, தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றி வைத்தாள். யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் மேரிக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

குழந்தைசாமிக்கு எதுவும் விளங்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. "ஏன் மேரி நிக்கிற? எப்பவும் போலப் பிடி."

மேரி பிடித்தாள். அவர் எழுந்து நின்று மகளைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தியாத்தா, எந்திரிச்சிட்டேன். நீ வேலைக்குக் கெளம்பு."