வாசிக்கத் தெரிந்தவளுக்கு விடுமுறை

எங்கள் பள்ளியின் கல்வித் தரத்தை அளக்க ஆள் வரப்போகிறது என்று தகவல் வந்த நாளோடு அங்கே பாடம் நடத்துவது நின்றுபோனது. தரத்தை அளக்க வருகிறார்கள் அல்லவா, பாடத்துக்கு எங்கே நேரம்?

கிளென்மார்கன் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளுக்கு மேலே இருந்தது அந்தத் தொடக்கப் பள்ளி. இரண்டு அறை, ஐந்து வகுப்பு, பத்தொன்பது பிள்ளைகள். தலைமையாசிரியை ஊட்டியிலிருந்து பஸ்ஸில் வருவார். நான் பக்கத்திலேயே கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண், பி.எட். முடித்துவிட்டுத் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். பிள்ளைகளுக்கு அவர் பெரிய டீச்சர், நான் சின்ன டீச்சர்.

முதல் வேலை சுவர். ஒரு பெயின்டர் வந்து தென்னை மரமும் படகும் சிங்கமும் வரைந்துவிட்டுப் போனார். “சில்வர் ஓக்க ஏன் டீச்சர் இப்படி மொட்டையடிச்சிருக்காங்க?” என்று, தோட்டத்து நிழல் மரங்களை மட்டுமே பார்த்து வளர்ந்த இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தென்னையைக் காட்டிக் கேட்டாள். அடுத்தது கழிப்பறை. அதன் பூட்டு எப்போது போடப்பட்டது என்று யாருக்கும் நினைவில்லை. சாவி கிடைக்காமல் கல்லால் உடைத்தோம். உள்ளே ஒரு புது வாளி வைத்தோம். அந்த வாளியைப் பிள்ளைகள் தொடக்கூடாது என்று உத்தரவும் போட்டோம்.

கடைசியாகத்தான் கல்வி. அதற்குப் பத்து நாள் மிச்சமிருந்தது. அவ்வளவு கூடத் தேவைப்படவில்லை. மதிப்பீடு முடிந்துபோன வேறொரு பள்ளியிலிருந்து யாரோ வாட்ஸ்ஆப்பில் ஒரு தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். மதிப்பீட்டாளர் கொடுத்து வாசிக்கச் சொல்லும் பத்தி அது. பாடப் புத்தகத்திலிருந்தே எடுத்தது. கடற்கரைக்குப் போன குழந்தைகள் மணல் வீடு கட்டுகிறார்கள், அலை வந்து கலைத்துவிடுகிறது. தலைமையாசிரியை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. புத்தகத்தில் அந்தப் பாடத்தைத் தேடி எடுத்து, காலையிலிருந்து மாலை வரை பிள்ளைகளைப் பாராயணம் செய்ய வைத்தார். சனவரி உறைபனியில் கை விறைத்து உட்கார்ந்திருந்த பிள்ளைகள், “கடற்கரையில் காற்று வீசியது” என்று கத்திக் கத்தியே உடம்பைச் சூடேற்றிக்கொண்டார்கள்.

அவர் கெட்டவர் என்றால் எழுதுவது எனக்குச் சுலபமாக இருக்கும். பிள்ளைகளுக்குச் சொந்தக் காசில் ஸ்வெட்டர் வாங்கித் தந்தவர் அவர். ஸ்வெட்டர் வாங்கித் தரத் தெரிந்தவருக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லித் தரப் பொறுமை இல்லை, அவ்வளவுதான்.

மதிப்பீட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம், பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, போற வழியில அந்த ஹிந்திக்காரங்க ஊட்டுல சொல்லிப்போடு. நாளைக்குப் புள்ளைய அனுப்ப வேண்டாம்னு.”

ஜார்க்கண்டிலிருந்து தேயிலை பறிக்க வந்த குடும்பம் அது. ஒரே பெண், நாலாம் வகுப்பு.

“எதுக்குங்க மேடம்?”

“அவ வந்து அ, ஆன்னு மென்னுக்கிட்டு உக்காந்தா நம்ம மானம் போயிரும். கேட்டா சளின்னு சொல்லிக்கலாம்.”

“பேரு பதிவேட்டுல இருக்குதுங்களே.”

“பேரு வேணும். அவ பேரு இல்லீன்னா பத்தொம்பது பதினெட்டாயிரும். அப்பறம் புள்ளைக கம்மின்னு பள்ளிக்கொடத்தையே இழுத்து மூடிருவாங்க. பேரு இருக்கட்டும். ஆளு வேண்டாம்.”

நான் மறுத்துப் பேசினேன் என்று எழுத ஆசைதான். “சரிங்க மேடம்” என்றேன். லைனுக்குப் போனேன்.

அந்தப் பெண்ணின் அப்பா அப்போதுதான் இலை எடை போட்டுவிட்டு வந்து, வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அவருக்குத் தமிழ் வராது. எனக்குத் தெரிந்த ஹிந்தி நாலு வார்த்தை. அதில் மூன்றைச் செலவழித்தேன்.

“கல் ஸ்கூல் நஹீ.”

நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்று சொன்னதாக நினைத்தேன். அவர் முகம் சிறுத்துப்போனது. நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் என்று காட்டினார், உள்ளே படுத்திருந்த மனைவியைக் காட்டினார், பெண்ணை இழுத்து என் முன்னால் நிறுத்தினார், ஏதேதோ வேண்டிக்கொள்வதுபோலப் பேசினார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது.

மறுநாள் ஒன்பது மணிக்கு முன்பே, தலைக்கு எண்ணெய் வழிய வாரி, துவைத்த சீருடை போட்டு, அந்தப் பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து நின்றார் அப்பா. கையெடுத்துக் கும்பிட்டார். போய்விட்டார்.

அவர்கள் பக்கத்து வீட்டில் இருந்த அம்மாள்தான் பிறகு விளக்கினார். இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பத்தில் பிறந்தவர். ஜார்க்கண்டுக்காரர்களோடு சேர்ந்து பறித்துப் பறித்து ஹிந்தி பழகியிருந்தார். “அவுகளுக்குக் ‘கல்’னா நாளைக்கும் அதான் டீச்சர், நேத்தைக்கும் அதான். நேத்து ஏன் புள்ள வரலைன்னு நீங்க லயத்துக்கே வந்து கண்டிச்சதா நெனச்சுட்டாரு மனுசன். இனிமே ஒரு நாளும் நிப்பாட்ட மாட்டேன்னுல்ல சொன்னாரு!”

உண்மையில் நான் லைனுக்குப் போனதற்கு முந்தின நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை. வருகைப் பதிவேட்டில் வந்ததாகத்தான் போட்டிருந்தேன்.

தலைமையாசிரியை பஸ்ஸை விட்டு இறங்கி வந்து அவளைப் பார்த்தபோது மதிப்பீட்டாளரின் காரும் வந்து நின்றுவிட்டது. திருப்பி அனுப்ப நேரமில்லை. என்னைப் பார்த்த பார்வையில் அன்றைக்கே என் வேலை போயிருக்க வேண்டும்.

வந்தவர் இளைஞர். இரண்டு ஜெர்கின், ஒரு மஃப்ளர், கையில் ஒரு டேப்லெட். வந்ததும் முதல் கேள்வி: “பைகாரா போட்டிங் எத்தனை மணிக்கு க்ளோஸ் பண்ணுவாங்க மேடம்?” தலைமையாசிரியை சொன்ன பதிலைக் கேட்டு ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். அதன் பிறகு எல்லாமே அந்தக் கணக்குப்படி நடந்தது. சுவரைப் படமெடுத்தார். வாளியைப் படமெடுத்தார். விளையாட்டு மைதானம் உண்டா என்ற கேள்விக்கு, நின்றால் வழுக்குகிற சரிவைப் பார்த்துவிட்டு ‘ஆம்’ என்று தட்டினார். பிறகு நாலாம் வகுப்புக்கு வந்தார். நாலே பேர்தான். மூன்று பையன்களும் அவளும்.

“இந்தப் பொண்ணு புதுசுங்க சார், வடக்கத்திக்காரங்க. இவள விட்டுருங்க,” என்றார் தலைமையாசிரியை.

“பிரசன்ட் போட்டிருக்கீங்களே மேடம். ஆப்ல பேர் வந்துருச்சு.”

முதல் பையன் தாளை வாங்கினான். ஒரே மூச்சு. இரண்டாமவனும் அப்படியே. மூன்றாமவன் இன்னும் கெட்டிக்காரன். தாளில் இருந்த பத்தி முடிந்த பிறகும் நிற்காமல், புத்தகத்தில் அதற்கடுத்து வரும் இரண்டு வரிகளையும் சேர்த்து வாசித்தான். வெறும் வெள்ளைத் தாளில் அவன் விரல் ஓடியது. மதிப்பீட்டாளர் அதைப் பார்த்தார். பார்த்தது எனக்குத் தெரியும், ஏனென்றால் சிரித்தார். சிரித்துக்கொண்டே ‘சரளமாக வாசிக்கிறார்’ என்று தட்டினார்.

அவள் முறை வந்தது. மனப்பாடம் நடந்த நாளெல்லாம் அவளை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. காதில் விழுந்த சத்தத்தைத் தவிர, எழுத்தில் அந்தப் பத்தி அவளுக்குப் புதிது.

“க... ட... ற்... கடற்... கரை... யில்.”

தாளைக் கண்ணுக்கு அருகே பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கட்டி இழுத்தாள். தப்பில்லை. ஒற்று விடவில்லை. ‘ற்’றுக்கும் ‘ர்’ருக்கும் தடுமாறவில்லை. அவளுக்கு நான் ஒன்றும் பிரமாதமாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல், தொந்தரவில்லாமல் கிடக்கட்டும் என்று ஒன்றாம் வகுப்போடு எழுத்து அட்டைகளின் முன்னால் உட்கார வைத்தேன். மற்றவர்கள் காதால் கேட்டு ஒப்பித்தார்கள். மொழி தெரியாதவளுக்கு அந்தக் குறுக்கு வழி இல்லை. எழுத்தைத் தவிரப் பிடித்துக்கொள்ள அவளுக்கு வேறு எதுவும் இருக்கவில்லை.

டேப்லெட் கூவியது. ஒரு நிமிடம் முடிந்தது. அவள் இரண்டாவது வரியின் நடுவில் இருந்தாள்.

“போதும்மா.” ‘வாசிக்க இயலவில்லை’ என்பதன் மேல் அவர் விரல் போனது.

“சார்,” என்றேன். “வேற பக்கம் ஒண்ணு குடுத்துப் பாருங்க.”

“வேற பேசேஜ் ஆப்ல இல்லீங்களே.”

ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து ஏதோ ஒரு பக்கத்தைப் பிரித்து, மூன்றாவது பையனிடம் நீட்டினேன். ‘சரளம்’ வாங்கியவன். “வாசி” என்றேன். அவன் பக்கத்தைப் பார்த்தான். தேனீக்களைப் பற்றிய பாடம் அது, படம்கூடப் போட்டிருந்தது. பையன் மூச்சை இழுத்துவிட்டு, “கடற்கரையில் காற்று வீசியது” என்று தொடங்கினான்.

“அது இல்லடா. இதுல என்ன எழுதியிருக்கு?”

அவன் மறுபடியும் கடற்கரைக்கே போனான். குரல் உடைந்தது. நாலாவது வார்த்தையில் அழுதுவிட்டான். நான் புத்தகத்தைப் பிடுங்கி அவளிடம் கொடுத்தேன். “தே... னீ... தேனீ... க்... கள்,” என்று அவள் ஆரம்பித்தாள்.

மதிப்பீட்டாளர் கொஞ்ச நேரம் கேட்டார். அவர் முகத்திலும் ஏதோ ஓடியது. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“நல்லாத்தான் எழுத்துக் கூட்டுது. ஆனா மேடம், இதப் போட ஆப்ல கட்டம் இல்ல.”

சுற்றுலாவுக்குக் கிளம்பினார்.

கார் திரும்பியதும் தலைமையாசிரியை என்னிடம் வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “என்னைய அவமானப்படுத்தோணும்னா படுத்து. அந்தப் பையன எதுக்கு அழ வெச்ச?”

அவர் அந்த வருடம் முழுக்கக் கேட்ட ஒரே சரியான கேள்வி அது. நான் அந்தப் பையனுக்கு வாசிக்கச் சொல்லித்தரவில்லை. அவனுக்குத் தெரியாது என்பதை ஊருக்குக் காட்ட மட்டும் அவனைப் பயன்படுத்திக்கொண்டேன். டேப்லெட் இல்லை என்பதைத் தவிர எனக்கும் வந்தவருக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை.

பிப்ரவரியில் முடிவு வந்தது. பள்ளி ‘மிக நன்று’. வாட்ஸ்ஆப் குழுவில் பூங்கொத்துகளாகக் கொட்டின. கீழே ஒரு குறிப்பு: நாலாம் வகுப்பில் ஒரு மாணவிக்குச் சிறப்புப் பயிற்சி தேவை. அவளுக்கென்று ஒரு பயிற்சிப் புத்தகமும் எழுத்து அட்டைகளும் ஒரு பதிவேடும் வந்து சேர்ந்தன. தினமும் முக்கால் மணி நேரம் பயிற்சி தரவேண்டும். வாசிக்கத் தெரிந்த ஒருத்திக்கு வாசிக்கக் கற்பிக்க ஏற்பாடு. தெரியாத மூவருக்கும் பாராட்டு. யாரோ ஓர் அதிகாரி இதற்குக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

“பாத்தியா, உன்னால ஒரு மார்க்கு கொறஞ்சுபோச்சு,” என்றார் தலைமையாசிரியை. ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தை என்னிடம் விட்டுவிட்டார். அதில் நான் மூன்று பையன்களையும் கூட உட்கார வைத்துக்கொண்டபோது பார்த்தும் பார்க்காததுபோல மற்ற அறைக்குப் போனார். அவளுக்கு வந்த அட்டைகளை அவளே பையன்களின் முன்னால் பரப்புவாள். ஒருவன் தப்பாகச் சொன்னால் சிரிக்க மாட்டாள். விரலால் அட்டையை இரண்டு முறை தட்டுவாள். அழுத பையன் முதல் வாரம் என் பக்கமே திரும்பவில்லை. அவளிடம் மட்டும் கேட்டுக்கொண்டான். அவள் அவனுக்கு எழுத்தைச் சொன்னாள். வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவன் அவளுக்குச் சொன்னான். இந்த ஏற்பாட்டில் என் பங்கு, கதவைச் சாத்திக் குளிர்காற்றைத் தடுத்தது.

ஏப்ரல் வரை அப்படிப் போனது. இரண்டு பையன்கள் வாசிக்கத் தொடங்கினார்கள். ஒருவன் கடைசிவரை பிடி கொடுக்கவில்லை. கடைசி வேலை நாளில் பதிவேட்டை முடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். அதில் ஒரே கேள்வி: ‘சம்பந்தப்பட்ட மாணவி முன்னேற்றம் அடைந்தாரா?’ ஆம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பையன்களைப் பற்றி எழுத அதில் இடமில்லை.

ஜூனில் பள்ளி திறந்தபோது என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை.