புறங்கையில் பூத்த வெண்புள்ளிகள்

எழுபதைக் கடந்தவனின் உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி தோன்றினால் யார் பொருட்படுத்துவார்? மலைமேல் பெர்ன்ஹில் குளிரில் காலுறையைக் கழற்றாத நானும் பொருட்படுத்தவில்லை. கோவையில் அதை அறுத்தெடுத்துச் சோதித்தபோதுதான் நிறமி அணுக்களில் எழும் புற்று என்று தெரிந்தது. சில மாதங்களில் அது தொடையிடுக்கின் நிணநீர் முடிச்சுகளுக்கு ஏறிவிட்டது. இனி எதிர்ப்பொருள் மருந்து பலித்தால்தான் உண்டு என்றார் மருத்துவர். என் மகளினும் இளைய பெண் அவர்.

"சார், நம்ம உடம்புல காவல் அணுக்கள் இருக்கு. அதுங்க மேல்புறத்துல ஒரு புரதம், சுவிட்ச் மாதிரி. கேன்சர் அதை அமுக்கிக் காவலை நிறுத்திடுது. இந்த மருந்து போய் அந்த சுவிட்ச்சை மூடிக்கும். அப்புறம் அமுக்க முடியாது."

மருந்து புற்றைத் தொடுவதே இல்லை. என் அணுக்களுக்கு அவற்றின் தொழிலைத் திருப்பித் தருவதோடு ஒதுங்கிக்கொள்கிறது. அந்த நாகரிகம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. என் மனைவியோ தன் வழியில் விளங்கிக்கொண்டாள்.

"திருடன் நாய் வாயைப் பொத்திப்போட்டான். நீங்க அவன் கையை எடுத்துவுடறீங்க. அவ்ளோதானுங்களே?"

"அவ்ளோதாங்கம்மா," என்று மருத்துவர் சிரித்தார்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குள்ள இருக்கற நாய் நம்மூட்டு நாயாட்டம் இருந்துறக் கூடாதுங்க. அது கரடி வந்தாலும் வாலாட்டும்."

அன்றுமுதல் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை மலையிறங்கினோம். நரம்பில் மருந்து சொட்டச் சொட்ட நான் உறங்குவேன். அவள் அடுத்த படுக்கைக்காரரோடு உறவு கொண்டாடுவாள். திரும்பும் வழியில், பருவமாயிருந்தால், பர்லியாற்றுப் பழக்கடையில் மங்குஸ்தான் வாங்காமல் வண்டியை நகரவிடமாட்டாள்.

ஒரு நாள் தேநீர்க் கோப்பையை வாங்க நீட்டிய என் கையை அவள் வெளிச்சத்துக்கு இழுத்தாள். புறங்கையில் சுண்ணாம்பு தெறித்தாற்போல் வெண்புள்ளிகள். நோய் கைக்கும் வந்துவிட்டதோ என்று அஞ்சிக் கையுறையைத் தேடினேன். அதற்குள் காலிஃபிளவர் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்மணியும் கண்டுவிட்டார். மலைக்கிராமமான இத்தலாரில் பிறந்தவர், இரக்கமும் மருந்தும் எப்போதும் கையிருப்பில் வைத்திருப்பவர்.

"ஏனுங்கய்யா, இந்த வயசுல இது வேறயாங்க?" என்று வருந்தியவர், மாலையே ஒரு சீசாவோடு வந்தார். "கார்போக அரிசின்னு ஒரு மூலிகை விதை போட்டுக் காச்சுன எண்ணெய்ங்க. தடவிட்டு வெயில்ல உக்காருங்க, மறைஞ்சுரும்."

மருத்துவரைக் கேட்காமல் தடவுவதில்லை என்று சீசாவை அலமாரியில் வைத்தோம். அடுத்த முறை சென்றபோது கையுறையைக் கழற்றி, குற்றவாளிபோல் கையை நீட்டினேன். மருத்துவரின் முகம் மலர்ந்தது.

"சார், இது நோய் இல்லை. இந்தப் புற்று நிறமி அணுக்கள்ல இருந்து வந்தது. முழிச்சுக்கிட்ட காவல் அணுக்கள் அதோட சொந்தக்காரங்களான தோல் நிற அணுக்களையும் சேர்த்து அடிக்குது, அதான் வெள்ளை. பெரும்பாலும் நல்ல அறிகுறிதான். ஆனா ஸ்கேன் பார்த்துட்டுத்தான் உறுதியாச் சொல்லுவேன்."

"அப்ப நாய் குலைச்சுருச்சு! நம்மூட்டு ஆளையே கடிச்சும் வெச்சுருச்சு!" என்றாள் மனைவி.

அதன்பின் எங்கள் காலைப்பொழுதுகள் மாறின. சன்னல் வெளிச்சத்தில் என்னை நிறுத்தி, நாற்றங்காலில் முளை தேடுபவளைப்போல் தேடுவாள். "புருவத்துல ஒண்ணு வந்துருக்குங்க!" என்று அவள் கூவிய நாளில் எங்கள் வீட்டில் கேசரி மணந்தது. அழகின்மைக்காக இத்துணை மகிழ்ந்த இணையர் இம்மலையில் வேறெவரும் இருந்திரார்.

ஸ்கேன் முடிவு வந்தது. முடிச்சுகள் சுருங்கி, தேடிப்பார்க்க வேண்டிய அளவாகியிருந்தன. மருந்து தொடரும், கண்காணிப்பும் தொடரும். எனினும் அன்று மலையேறுகையில் ஒவ்வொரு கொண்டையூசி வளைவும் எனக்குத் திருவிழாத் தேர் திரும்பும் முனையாயிருந்தது.

செய்தியைக் கேட்ட பக்கத்து வீட்டுப் பெண்மணி என் கையைப் பிடித்து வெண்மையை நெடுநேரம் நோக்கினார்.

"அப்ப இது போகக் கூடாதுங்களா?"

"போகவே கூடாது அம்மிணி," என்றாள் மனைவி.

"அந்த எண்ணெயத் தடவலைல்லீங்க?"

மூடி திறவாத சீசாவை மனைவி எடுத்துக் காட்டினாள். அவர் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"கும்புடற சாமி காப்பாத்துச்சு. எங்கூட்டுக்காரர் முட்டிக்குத் தடவிப் பாக்கறனுங்க. ஐயாவுக்கு இன்னும் நல்லாப் பரவட்டும்!"