குவைத்திலிருந்து வந்த வேன் சாவி

1. கயிற்றில் வந்த வண்டி

மாங்காய் லாரி ஒன்றின் பின்னால் கயிறு கட்டி அந்த வேனை எங்கள் மெக்கானிக் ஷெட்டுக்குள் இழுத்து வந்தபோது காலை டீகூட வந்திருக்கவில்லை. வேனுக்குள் நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேருமே கிட்னி பேஷண்டுகள். சித்தூரை ஒட்டிய கங்காதர நெல்லூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து வாரம் இரண்டு முறை திருப்பதிக்கு டயாலிசிஸுக்குப் போகிறவர்கள். வண்டிக்குச் சொந்தக்காரரும் டிரைவரும் ஒருவரே, முனிரத்தினம். அந்த நால்வரில் ஒருவர் அவருடைய மனைவி வசந்தா.

"மூணாவது தபா நின்னுடுச்சுக்கா. சூடானா நின்னுடுது. ஆறிச்சின்னா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆவுது. பம்ப் மாத்தியாச்சு, காயில் மாத்தியாச்சு. இன்னும் இன்னாத்த மாத்தறது?" என்றார் முனிரத்தினம்.

வசந்தாவின் முகம் வீங்கியிருந்தது. பேசுவதற்கே மூச்சு வாங்கியது. "வண்டிய அப்பறம் பாருங்கம்மா. நாங்க இப்ப எப்பிடிப் போறது?" என்று மட்டும் கேட்டார்.

என் முதலாளி நாகராஜன் கத்திப் பேசுகிற ஆள். அன்று கத்தவில்லை. தன் காரைத் திறந்துவிட்டு, "ஏறுங்க எல்லாரும். முனிரத்தினம், நீயே ஓட்டிக்கினு போ. கிருபா, இதுக்கு இன்னா நோவுன்னு நீ பாரு" என்றார்.

நான் அங்கே ஆட்டோ எலக்ட்ரீஷியன். சித்தூரில் டி.வி. ரிப்பேர்க் கடை ஒன்றில் சால்டரிங் கற்றுக்கொண்டவள். கார்புரேட்டர் போய், எஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் வந்த சமயம் நாகராஜன் அந்தக் கடைக்கே வந்து என்னை வேலைக்குக் கூப்பிட்டார். எங்கள் சர்ச் சபையில் சிலர், பொம்பளைப் பிள்ளைக்கு மெக்கானிக் ஷெட்டா என்று கேட்டார்கள். அவர்கள் வீட்டு வண்டிகளும் பிறகு என்னிடம்தான் வந்தன.

2. பார்லர்காரம்மாவின் ஹேர் டிரையர்

வேன் ஷெட்டுக்கு வருவதற்குள் ஆறிவிட்டது. செல்ஃப் அடித்ததும் சமர்த்தாக ஓடியது. இந்த மாதிரிக் கோளாறில் பெரிய தொல்லையே இதுதான். மெக்கானிக் முன்னால் வண்டி நல்ல பிள்ளையாகிவிடும். நடுரோட்டில் நிற்கிறவனுக்குத்தான் அதன் குணம் தெரியும்.

பக்கத்துப் பியூட்டி பார்லரில் ஹேர் டிரையர் கேட்டேன். "முடிக்கா எஞ்சினுக்கா?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். வண்டியை ஓடவிட்டு, முதலில், எஞ்சின் சுழல்வதைக் கண்டறிகிற கிராங்க் சென்சரைச் சூடாக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. அடுத்து டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கிற இ.சி.எம்., அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்டி. சென்சர்களுக்கு அந்தப் பெட்டி ஐந்து வோல்ட் அனுப்ப வேண்டும். அந்த வயரில் மீட்டரை வைத்துக்கொண்டு பெட்டியின் மேல் சூட்டை வீசினேன். கொஞ்ச நேரம் ஐந்திலேயே நின்ற முள், திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. எஞ்சின் அணைந்தது. ஆறவிட்டேன், ஐந்து வந்தது. மறுபடி சூடாக்கினேன், போய்விட்டது.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். போர்டு முழுக்கப் பிசின் ஊற்றி அடைத்திருந்தார்கள். என் சால்டரிங் அயர்னுக்கு அதில் வேலை இல்லை. வேறு இ.சி.எம். மாற்றுவது தவிர வழியில்லை. கம்பெனியில் விசாரித்தால், அந்த மாடலுக்குப் புதுப் பெட்டி வருவது நின்றுவிட்டது என்றார்கள்.

3. பங்காருபாளையத்துத் தார்ப்பாய்

அதே மாடல் வேன் ஒன்று பங்காருபாளையத்தில் அடிபட்டுக் கிடப்பதாக நாகராஜனுக்கு ஒரு மாங்காய் மண்டிக்காரர் சொன்னார். நானும் முனிரத்தினமும் போனோம். வீட்டுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. முன்பக்கம் ஒரு புறம் நசுங்கியிருந்தது, டேஷ்போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழே குனிந்து பெட்டியில் இருந்த நம்பரைப் பார்த்தேன். கடைசி எழுத்துவரை நம்முடையதேதான்.

"ஆ பண்டி ஜோலிக்கு போவொத்து!" என்று தெலுங்கில் கத்தியபடி உள்ளேயிருந்து ஒரு அம்மா ஓடிவந்தார். அந்த வண்டிப் பக்கமே போகாதே என்கிறார். பெயர் ஜானகம்மா. மகன் சுரேஷ் குவைத்தில் டிரைவர். அங்கே சம்பாதித்து வாங்கிய முதல் வண்டி அது. லீவில் வந்தபோது புளியமரத்தில் மோதிவிட்டுத் திரும்பப் போயிருக்கிறான். தான் வந்து சரிசெய்கிறவரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறானாம்.

முனிரத்தினம் கெஞ்சவில்லை. "உங்க பையன் வண்டிம்மா. அவன் வேணாம்னா நாங்க போயிடறோம். ஒரு வார்த்த கேட்டு மட்டும் சொல்லுங்க" என்றார்.

ஜானகம்மா போன் போட்டு என்னிடம் கொடுத்தார். எதிர்முனையில் வண்டிகளின் இரைச்சல். விஷயத்தைச் சொன்னேன்.  

"டயாலிசிஸ் வண்டியாக்கா?"

"ஆமாப்பா."

"கழட்டிக்கோங்க. இம்மொபிலைசர் பாக்ஸையும் சேத்தே கழட்டிக்கோங்க, அது இல்லாம ஓடாது. அம்மாகிட்ட சாவி இருக்கு."

தொழில் தெரிந்த பையன். இம்மொபிலைசர் என்பது சாவிக்குள் இருக்கிற சிப்பைப் படிக்கிற சின்னப் பெட்டி. சிப், அந்தப் பெட்டி, இ.சி.எம். மூன்றும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டால்தான் எஞ்சின் ஓடும். ஜானகம்மா சாவியைக் கொடுத்துவிட்டு, நாங்கள் கழற்றி முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றார். கிளம்பும்போது இரண்டு மாம்பழம் கொடுத்து, "ஆயம்மாக்கு குடு" என்றார். வசந்தாவுக்கு என்று அர்த்தம்.

"இந்தக் கிட்னி நோவுக்கு மாம்பழம் ஆவாதும்மா," என்றார் முனிரத்தினம். வாங்கிக்கொள்ளத்தான் செய்தார்.

4. இரண்டு செகண்ட்

ஷெட்டில் நாகராஜன் அவசரப்பட்டார். "மாட்டும்மா, ஓடுதான்னு பாக்கலாம்." நான் மாட்டவில்லை. இருப்பது ஒரே ஒரு இ.சி.எம். பழைய பெட்டி சூட்டினால் மட்டும்தான் போனதா, அல்லது வயரிங்கில் ஏதாவது அதைத் தின்றுகொண்டிருந்ததா என்று தெரியாமல் மாட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு வயராகத் தடவிப் பார்த்தேன். எரிபொருள் பீய்ச்சுகிற ஒரு இன்ஜெக்டருக்குப் போகிற வயர், பிராக்கெட்டில் உரசி உரசி மேல்தோல் போய்ச் செம்பு தெரிந்தது. உலுக்கினால் இரும்பில் பட்டது. அதை மாற்றினேன். எஞ்சின் எர்த் போல்ட்டில் துரு. சுரண்டி முறுக்கினேன். அதற்குப் பிறகுதான் இரண்டு பெட்டிகளையும் மாட்டினேன்.

ஜானகம்மா கொடுத்த சாவியை லாக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, முனிரத்தினத்தின் சாவியில் செல்ஃப் அடித்ததும் எஞ்சின் பிடித்தது. முனிரத்தினம் கைதட்டக்கூட ஆரம்பித்துவிட்டார். இரண்டு செகண்டில் அணைந்தது. மறுபடி அடித்தோம், மறுபடி இரண்டு செகண்ட். சாவியை அடையாளம் தெரியவில்லை என்று மீட்டர் போர்டில் சாவி விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது.

ஜானகம்மா கொடுத்த சாவியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் தலையைப் பிரித்தால் உள்ளே ஒன்றும் இல்லை. சிப் இல்லாத சாவி. குவைத்துக்குப் போன் போட்டேன்.

"ஐயோ, அதுல சிப் இல்லியா? அது பஜார்ல வெட்டின டூப்ளிகேட்டுக்கா, சிப்பும் போட்டுக் குடுத்தான்னு நெனச்சேன். ஒரிஜினல் எங்கிட்ட இருக்கு. பாக்கெட்லயே வச்சிக்கினு இருக்கேன்."

"ஓடாத வண்டி சாவிய அங்க எதுக்குப்பா எடுத்துக்கினு போன?"

"இன்னாமோ தெரியல, எடுத்தாந்துட்டேன்" என்றான். 

கம்பெனியில் வேறு சாவிக்குச் சிப் எழுதலாம்தான். அதற்கு அந்த வண்டியோடு வந்த ரகசிய நம்பர் வேண்டும். அது யாரிடமும் இல்லை. சாவி வந்தால்தான் வேன் ஓடும் என்றானது.

காத்திருந்த நாட்கள் லேசாகப் போகவில்லை. ஒரு டிரிப்புக்கு நாகராஜன் கார் போனது. அடுத்த டிரிப்பில் அவருக்கே கார் தேவைப்பட்டது. நால்வரும் பஸ்ஸில் போனார்கள். திரும்பி வரும்போது வசந்தா பஸ் ஸ்டாண்டில் மயங்கி உட்கார்ந்துவிட்டார். மறுநாள் முனிரத்தினம் ஷெட்டுக்கு வந்து வேன் பக்கத்தில் சும்மா நின்றார்.  

அந்த வாரமே சுரேஷ் பேசினான். குவைத்தில் வீட்டு வேலை செய்கிற நாகலாபுரத்து அம்மா ஒருவர் ஊருக்கு வருகிறார், அவரிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன் என்றான். அவர் வந்து இறங்கிய அன்றே முனிரத்தினம் நாகலாபுரத்துக்குப் பஸ் ஏறினார். சாவியைப் பேரீச்சம்பழ டப்பாவுக்குள் துணியில் சுற்றி வைத்துக் கொண்டுவந்திருந்தார் அந்த அம்மா. முனிரத்தினம் திரும்பி வந்து என்னிடம் நீட்டியபோது சாவி அவர் கைச்சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

5. திருப்பதி ரோடு

சுரேஷின் சாவியை லாக்கைச் சுற்றி இருக்கிற ஆன்டெனா வளையத்தை ஒட்டிப் பிடித்துக்கொண்டேன். முனிரத்தினம் லாக்குக்குப் பொருந்துகிற தன் சாவியைத் திருப்பினார். சாவி விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. எஞ்சின் பிடித்தது.  எஞ்சின் சூடேறி, ரேடியேட்டர் ஃபேன் ஓடி நின்று, திரும்பவும் ஓடி நிற்கிறவரை அப்படியே நின்றோம். எஞ்சின் அணையவில்லை. நாகராஜன்தான் முதலில் வாய் திறந்தார். "டீ சொல்லுங்கடா!" என்று பழையபடி கத்தினார்.

நான் குவைத்துக்குப் போன் போட்டு எஞ்சின் பக்கம் நீட்டினேன்.

"கேக்குதுக்கா," என்றான் சுரேஷ். "ஐட்லிங் சுத்தமா இருக்குக்கா."

சுரேஷின் சாவியிலிருந்து சிப்பை எடுத்து வளையத்துக்குப் பக்கத்திலேயே அசையாமல் ஒட்டிவிட்டேன். அடுத்த டிரிப்புக்கு நானும் கூடப் போனேன், மடியில் மீட்டரோடு. நல்ல வெயில். மீட்டரில் ஐந்து வோல்ட் அசையாமல் நின்றது. முனிரத்தினம் வழியெல்லாம் எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு ஓட்டினார். திருப்பதிக்குக் கொஞ்சம் முன்னால் வருகிற சந்திரகிரி தாண்டிய பிறகுதான் தோளை இறக்கி உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதும் திரும்பிப் பார்த்தேன். வசந்தா ஜன்னலில் தலைசாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பக் கையை நீட்டினேன்.

"இருங்கக்கா, ஒரு நிமிசம்," என்றார் முனிரத்தினம். "வண்டி நிக்க ஆரம்பிச்சதிலேர்ந்து, எங்க நின்னுடுமோன்னு ரோட்டையே பாத்துக்கினு வருவா. கண்ண மூடினதே இல்ல."

ஷெட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்பவை இவைதான். பெட்டி போய்விட்டது என்று நிரூபிக்காமல் மாற்றாதீர்கள். பழையதைக் கொன்றது எது என்று பார்க்காமல் புதியதை மாட்டாதீர்கள். பெட்டி கேட்கும்போதே, சிப் உள்ள சாவியையும் கேட்டு வாங்குங்கள். மீட்டரில் எல்லாம் சரியாக இருந்தாலும், வேலை முடிந்தது என்று சொல்வதற்கு முன் ஒருமுறை பின் சீட்டைத் திரும்பிப் பாருங்கள்.