குழாயில் தண்ணீர் வராத நாள்

அம்மாவின் இடது காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். தோளில் சாய்ந்துகொண்டால் அந்த இடத்திலிருந்து நனைந்த மண்ணின் வாடையும் சிவப்பு சோப்பின் வாடையும் சேர்ந்து வரும். விருத்தாசலத்தில் பீங்கான் வேலைக்குப் போகிற எந்த அம்மாவின் பிள்ளைக்கும் அந்த வாடை தெரிந்திருக்கும். வேலை முடிந்ததும் அம்மா கம்பெனிக் குழாயடியில் முகம், கை, கழுத்து எல்லாம் தேய்த்துக் கழுவி, தலைவாரி, பொட்டு வைத்துக்கொண்டுதான் ரோட்டில் கால் வைப்பாள். "மாவு மிசின்ல உழுந்து எழுந்த மாதிரி ரோட்டுல போவக் கூடாது" என்பது அவள் சட்டம். அவ்வளவு கழுவியும் காதுக்குப் பின்னால் ஒரு கோடு மட்டும் தப்பித்து வீடு வரைக்கும் வந்துவிடும்.

அம்மாவின் வேலை "பிஸ்கட் தொடைக்கிறது". ஒரு முறை சூளையில் வெந்து வெளுப்பாக, சொரசொரப்பாக வெளியே வரும் பொம்மைக்கும் ஃபியூஸ் கேரியருக்கும் எங்கள் ஊரில் பிஸ்கட் என்று பெயர். அதன் மேல் தூசி இருந்தால் பளபளப்புக்காகத் தோய்க்கும் "கிளேஸ்" ஒட்டாது, அங்கங்கே சொட்டை விழுந்துவிடும். அதனால் ஒவ்வொன்றையும் ஈர ஸ்பாஞ்சால் துடைத்து அடுத்த ஆளிடம் தள்ள வேண்டும். இது தெரியாமல் இரண்டாம் வகுப்பில் நான், எங்கம்மா பிஸ்கட் கம்பெனியில் வேலை பார்க்கிறாள் என்று பெருமையடித்துவிட்டு, மறுநாள் வகுப்பே கையேந்தி நின்றபோது கால் உடைந்த பீங்கான் மயில் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒருத்தி கடித்தே பார்த்துவிட்டாள், பாவம்.

பத்தாம் வகுப்பில் என் முகம் பருவால் நிறைந்தது. நிறமும் கருப்பு. வீட்டில் பெரியவர்கள் யாரும் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. சொல்வதற்கு வெளியில் ஆட்கள் இருந்தார்கள், கடைக்காரரிலிருந்து கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவர் வரைக்கும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் தமிழாசிரியை என்னைப் பேச்சுப் போட்டிக்குத் தேர்ந்தெடுத்தார். தலைப்பு தண்ணீர் சேமிப்பு. எங்கள் ஊரிலேயே வேறொரு பள்ளியில் போட்டி. வீட்டுப்பாடம் எழுதாதவர்கள் பட்டியலில் தவிர வேறு எதிலும் என் பெயரை யாரும் சத்தமாக வாசித்ததில்லை. போக வேண்டும் என்று உயிரே துடித்தது. ஆனால் இந்த முகத்தை வைத்துக்கொண்டு எப்படி மேடை ஏறுவது?

அம்மாவோடு வேலை பார்த்த மெகரு அத்தைதான் அதற்கு வழி கொண்டுவந்தார். மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து போவார். கணவர் குவைத்தில் இருந்தார், ஆனாலும் அவருக்கு வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காது. கணவர் அனுப்பிய பெட்டியில் இருந்த ஒரு நீல பாட்டிலை எடுத்து வந்து, "இது மொகத்துக்குப் போடுற டோனராம், கழுவிட்டு இத வச்சித் தொடச்சிக்க கண்ணு" என்று என் கையில் வைத்தார். அதுவரை எங்களுக்குத் தெரிந்த டோனர், தாலுகா ஆபீஸ் எதிரே செராக்ஸ் மிஷினில் கொட்டும் கருப்புப் பொடி ஒன்றுதான். என் தம்பி, "இருக்கிற கருப்பு பத்தாதா?" என்று கேட்டு அம்மாவிடம் ஒரு குட்டு வாங்கினான். நான் அகராதியைப் புரட்டி, டோன் என்றால் நிறச்சாயல் என்று கண்டுபிடித்து, அப்படியென்றால் டோனர் நிறம் கொடுப்பது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அத்தை "தொடச்சிக்க" என்றாரா? எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். தேய்ந்துபோனதென்று அம்மா கம்பெனியிலிருந்து கொண்டுவந்து, அடுப்பு மேடை துடைப்பதற்காக ஜன்னலில் வைத்திருந்த ஸ்பாஞ்சை எடுத்தேன். சோப்புப் போட்டு அலசினேன், பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. அதில் டோனரைத் தாராளமாக ஊற்றி, பிஸ்கட்டைத் துடைப்பது போலவே நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் அழுத்தித் துடைத்தேன். சுரீரென்று எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்? காலையில் ஒரு தடவை, பள்ளிவிட்டு வந்து ஒரு தடவை, விளக்கு வைத்த பிறகு ஒரு தடவை என்று நான்கு நாள் யாருக்கும் தெரியாமல் துடைத்தேன்.

போட்டியன்று காலை கண்ணாடியில் பார்த்தால் கன்னம் இரண்டும் வெந்த மாதிரி சிவந்து, மூக்கோரம் தோல் உரிந்து, பரு உடைந்த இடமெல்லாம் பொருக்குத் தட்டியிருந்தது. ஓவென்று அழுதேன். அம்மா பாட்டிலைப் பார்த்தாள், பக்கத்தில் கிடந்த ஸ்பாஞ்சை எடுத்து விரலால் பிதுக்கிப் பார்த்தாள். எத்தனை அலசினாலும் அதன் உள்ளே நறநறவென்று மண்தூள் இருக்கத்தான் செய்யும், அது அவள் விரலுக்குத் தெரியாதா? திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ அந்த ஸ்பாஞ்சைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டுவிட்டு வந்து, மெல்லிய வேட்டித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து என் கன்னத்தில் ஒத்தி ஒத்தி எடுத்தாள். நான் போட்டிக்குப் போக மாட்டேன் என்றேன்.

"இந்த மூஞ்சிய வச்சிக்கினு ஏறுனா எல்லாரும் இதத்தாம்மா பாப்பாங்க. ஒருத்தரும் பேச்ச கேக்க மாட்டாங்க."

"பாக்க மாட்டாங்க. நீ போ, நான் மதியானமா பர்மிஷன் போட்டுட்டு வரேன்" என்றாள் அம்மா. அவள் சொன்னபடி செய்கிறவள் என்பதால் போனேன்.

அந்தப் பள்ளியின் கூடத்தில் எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் பவுடர் பூசி, பூ வைத்து, பளிச்சென்று இருந்தார்கள். என் பெயரைக் கூப்பிட்டதும் மேடையேறி மைக் முன்னால் நின்றேன். முதல் வரிசையில் இரண்டு பெண்கள் என்னைக் காட்டி ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொன்னார்கள். "அவையோருக்கு வணக்கம்" வந்தது, அதற்கு அடுத்த வரி வரவில்லை. கன்னம் எரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இறங்கி ஓடிவிடலாம் என்று ஒரு காலைப் பின்னால் வைத்தும் விட்டேன்.

அப்போது பின்கதவு வழியாக அம்மா உள்ளே வந்தாள். தலைமுடி, புருவம், கன்னம், கழுத்து, கை எல்லாம் வெள்ளை. கண்ணும் வாயும் மட்டும்தான் மனுஷி மாதிரி தெரிந்தது. பின்வரிசையில் அத்தனை நாற்காலி காலியாக இருக்க, நடுவழியே முன்னால் வரை நடந்து வந்து, ஒரு நாற்காலியைக் கிறீச்சென்று இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கூடம் முழுக்கத் தலையைத் திருப்பி அவளைத்தான் பார்த்தது. சிலர் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. மானத்தை வாங்கவா வந்தாள்? கோபத்தில் என் முகம் எனக்கே மறந்துபோனது. தண்ணீரைப் பற்றி நான் பாடம் செய்திருந்ததெல்லாம் ஏதோ சண்டைக்குப் போகிறவள் மாதிரி கணீரென்று வாயிலிருந்து வந்தது. இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். அதை வாங்கும்போதுகூட நான் அவள் பக்கம் பார்க்கவில்லை.

வீடு திரும்பும்போது நான் பத்தடி முன்னால் நடந்தேன். கடைத்தெரு முழுக்க அவளைத் தெரியாதவள் மாதிரியே நடந்தேன். தெருமுனை வந்த பிறகுதான் திரும்பி, கழுவிக்கொண்டு வந்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். "கொழாயில தண்ணி வரலடி" என்றாள். தண்ணீர் சேமிப்புக்குப் பரிசு வாங்கின அன்றைக்கே தண்ணீர் வரவில்லை என்று தம்பி பல நாள் அதையே சொல்லிச் சிரித்தான். அம்மா சொன்னதை நான் நம்பினேன்.

இன்று நான் விழுப்புரத்தில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநர். டோனர் போட்டால் கலர் வருமா என்று யாராவது ஒரு பெண் கேட்டுக்கொண்டு வராத நாளில்லை. வராது, தாயே. டோனர் என்பது முகம் கழுவியதற்கும் கிரீம் பூசுவதற்கும் நடுவில் ஒரு சின்ன வேலை. சோப்பும் உப்புத்தண்ணீரும் விட்டுப்போன மிச்சத்தை எடுத்து, கழுவிக் காய்ந்த தோலுக்குக் கொஞ்சம் ஈரம் கொடுக்கும், அடுத்துப் பூசுவது சீராகப் பரவ உதவும். அவ்வளவுதான். கழுவிய ஈரம் முழுக்கக் காய்வதற்குள் உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு ஒத்தி எடுத்தால் போதும், தேய்க்கக் கூடாது. எரிந்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை, தோல் வேண்டாம் என்கிறது என்று அர்த்தம். எனக்கு வந்த பாட்டிலில் ஆல்கஹால் அதிகம், பருவுள்ள முகத்துக்கு அது ஆகவே ஆகாது. இதெல்லாம் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் ஒத்தி எடுப்பது எப்படி என்று மட்டும் எனக்கு முதலிலேயே தெரியும். ஈர வேட்டித் துணியோடு என் கன்னத்துக்கு வந்த அந்தக் கையை நினைத்துக்கொண்டுதான் எல்லோருக்கும் செய்து காட்டுகிறேன்.

அம்மா முட்டிவலியால் வேலையை விட்டுச் சில வருடமாகிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது, அவள் கன்னம் வறண்டு கிடந்ததைப் பார்த்து, உட்கார வைத்து முகம் கழுவிவிட்டு, எரியாத டோனராக எடுத்துப்போயிருந்ததைக் கையில் ஊற்றிக்கொண்டேன். "இதுக்கப்பறம் கிளேஸ் அடிப்பியா?" என்று கேட்டுவிட்டு அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவளைப் பார்க்க வந்திருந்த மெகரு அத்தை எதிரே உட்கார்ந்து சிரித்தார். பேச்சு அந்த நீல பாட்டிலுக்கும் பேச்சுப் போட்டிக்கும் போனது. அன்றைக்கென்று பார்த்துக் கம்பெனிக் குழாயில் தண்ணீர் வராமல் போனதே என்றேன்.

அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. "தண்ணி வரலியா? யாரு சொன்னது? உங்கம்மா கெளம்புன பொறவு நான் அதே கொழாயிலதான் கைய கழுவிட்டு சாப்ட உக்காந்தேன். மொகத்த கழுவிட்டுப் போங்கக்கான்னு சொன்னதுக்கு, எம்பொண்ணு மொகத்த யாரும் பாக்கக் கூடாது மெகரு, எல்லாம் என்னையே பாக்கட்டும்னு அப்படியே போனாங்க."

அந்தப் பத்தடி தூரம்தான் ஞாபகத்துக்கு வந்தது. இத்தனை வருடமும் நன்றி சொல்லாமல் அவளுக்குப் பத்தடி முன்னாலேயே நடந்துகொண்டு இருந்திருக்கிறேன். அம்மா கண்ணைத் திறக்கவே இல்லை. "அது எப்பவோ நடந்தது, இப்ப எதுக்கு? கையில இருக்கிறது காயுது பாரு" என்றாள்.

ஒத்தினேன். நெற்றியில், கன்னத்தில், தாடையில், கழுத்தில். காது மடலை விலக்கிப் பார்த்தேன். அந்த வெள்ளைக் கோடு போய் எத்தனையோ நாளாகிறது, அந்த இடம் சுத்தமாக இருந்தது. அங்கேயும் ஒரு தடவை ஒத்தி எடுத்தேன்.