வெளியிலிருந்து விழுந்த பூட்டு

நான் புதுச்சேரியிலேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் வரை, எங்கள் வீட்டை யாரும் வெளியிலிருந்து பூட்டியதில்லை. அது அப்பாவின் கட்டளை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலின் முதல் பூசைக்கு அம்மாவும் நானும் போவோம். நாங்கள் திரும்பிய பிறகு அப்பா அடுத்த பூசைக்குப் போவார். கல்யாணம், சாவு எதற்கும் மூவரும் சேர்ந்து போனதில்லை. எங்கள் தெருவிலேயே பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் சொந்தக்காரர்கள் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, உள்ளே முன்பின் தெரியாத ஒரு குடும்பம் சமைத்துக்கொண்டிருந்தது. அவர்களிடம் பத்திரமும் இருந்தது.

எங்கள் வீடு கைமாறிய வரிசை எனக்கு மனப்பாடம். கட்டியவர் துணி ஏற்றுமதி செய்த ஒரு பிரெஞ்சுக்காரர். அவர் தன் நாட்டுக்குத் திரும்பியபோது ஒரு அரிசி வியாபாரி வாங்கினார். அந்த வியாபாரியின் மகன்களிடமிருந்து வாங்கியவர் என் கொள்ளுத்தாத்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாகச் சேர்ந்து சைகோன் வரை போய் வந்தவர். அவருக்குப் பின் தாத்தா. தாத்தாவுக்குப் பின் இருவர்: பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிசில் வாழ்ந்த பெரியப்பா, இங்கேயே இருந்துவிட்ட அப்பா. பாகம் பிரிக்கவில்லை. ஆள் இருக்கும் வீட்டை யாரும் தொட முடியாது என்று அப்பா நம்பினார். நாங்களும் நம்பினோம்.

அம்மாவின் கண்ணைக் காட்ட அவளும் அப்பாவும் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போன காலையில், நான் விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தேன். கதவு தட்டப்பட்டது. ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். மூன்று ஆண்கள். ஒருவர் கையில் அளக்கிற டேப்.

"கதவத் தொற பாப்பா. அளந்துட்டுப் போயிடறோம்."

வீட்டை விற்கப் பெரியப்பா தனக்குப் பவர் எழுதிக் கொடுத்திருப்பதாக டேப் வைத்திருந்தவர் சொன்னார். அப்பா வந்தபின் பேசிக்கொள்ளுங்கள் என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"வீட்டக் காவல் காக்கிறியா? நல்லா காத்துக்கோ. நாங்களும் ஒத்தாச பண்றோம்."

மற்ற இருவரும் சிரித்தார்கள். பிறகு வெளி நாதாங்கி இழுபடும் சத்தம், அதில் பூட்டு விழும் சத்தம்.

கத்தவில்லை. கொல்லைக் கதவு, மொட்டைமாடிக் கதவு, சமையலறை ஜன்னல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தாழிட்டேன். அப்பாவின் செல்போனுக்கு அடித்தேன். பிறகு சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். தெருவில் எந்த வண்டி நின்றாலும் மூச்சை அடக்கினேன்.

அப்பா வந்ததும் பூட்டை உடைக்கக் கல் தேடினார். ஜன்னல் வழியாகச் சொன்னேன்:

"ஒடைக்காதீங்கப்பா. நான் உள்ள இருக்கேன்னு மொதல்ல நாலு பேரு பாக்கட்டும். போலீஸ் வரட்டும்."

தெரு கூடியது. "பொண்ண வெச்சிப் பூட்டிட்டுத்தான் இப்பல்லாம் வீடு வாங்கறாங்களா?" என்று எதிர்வீட்டு அக்கா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். காவலர் ஜன்னலில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே நின்று பூட்டை உடைக்கச் சொன்னார். அந்த ஆட்கள் சொன்ன பவர் போலிப் பத்திரமாகத்தான் இருக்கும் என்று அப்பா அவரிடம் அடித்துச் சொன்னார்.

சாயங்காலம் பாரிசுக்குப் போன் போட்டார்.

"எம் பொண்ண உள்ள வெச்சிப் பூட்டிட்டாங்கண்ணே."

அதன்பின் அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்துவிட்டுத்தான் எங்களிடம் சொன்னார். பவர் உண்மை. இங்கே யாரும் குடியில்லை என்று பெரியப்பாவே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். விற்பனையின் மீதி வேலையை முடிக்க அடுத்த மாதம் அவரே வருகிறார்.

"எங்க தங்குவாரு?" என்றாள் அம்மா.

"இங்கதான். அவரு வீடும்தானே."

மாடி அறையைப் பெருக்கி வைக்கும்படி அப்பா என்னிடம் சொன்னார். காலையில் மூன்று பேருக்குக் கதவைத் திறக்காத நான், மாடி அறையின் கதவையும் இழுத்துத் தாழிட்டேன்.